கொட்டகைக்கு ரெண்டாவது ரூட்டர் வாங்கினேன்... வீட்டு நெட்டும் போச்சு!

“வீட்டில் ஃபைபர் நெட் இருக்கிறது. மாட்டுக்கொட்டகையில் கேமரா வைப்பதற்காக இன்னொரு ரூட்டர் வாங்கி, வீட்டிலிருந்து ஒயர் இழுத்து மாட்டினேன். ஒரு வாரம் நன்றாக இருந்தது. பிறகு அடிக்கடி, போனில் வைஃபை அடையாளம் முழுதாகக் காட்டியும் நெட் வருவதில்லை. வீட்டிலும் இதே கதைதான். நெட் கம்பெனி ஆள் வந்து, ‘எங்க லைன் சரியா இருக்கு’ என்று சொல்லிப் போய்விட்டார். என்ன செய்வது?”

- ஈரோடு மாவட்ட வாசகர் ஒருவர்.

இந்தக் கேள்வி வந்ததும் அவருக்கு போன் செய்தேன். “எப்போதெல்லாம் நெட் போகிறது?” என்று கேட்டதற்கு, முதலில் “நேரங்காலமே இல்லீங்க” என்றார். பேச்சு நீண்டபோது, வேறொரு விஷயத்தைச் சொன்னார். நிறைமாதச் சினையாக இருந்த மாட்டை ராத்திரியில் கண்காணிக்கத்தான் கேமராவே வைத்திருக்கிறார். ஓர் இரவு பத்து மணிக்குக் கரண்ட் போய், அரை மணி நேரத்தில் வந்திருக்கிறது. “கரண்ட் வந்துச்சுங்க, கொட்டகையில லைட்டும் எரிஞ்சுதுங்க. படம் மட்டும் வரலைங்க. நெட்டு ஸ்லோவா இருக்கும்னு படுத்துட்டேன்.” விடியற்காலையில் போய்ப் பார்த்தபோது மாடு ஈன்றிருந்தது. கன்றின் மூக்கில் சவ்வு மூடி, மூச்சு நின்றிருந்தது.

கரண்ட் போய் வந்தபோது என்று அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தையில்தான் விடை இருக்கிறது.

ஒரு ஏரிக்கு ரெண்டு நீர்க்கட்டி!

ஏரித் தண்ணீரைப் பங்கிட ஊருக்கு ஒரு நீர்க்கட்டி போதும். ரெண்டு பேர் ஆளுக்கொரு மடையைத் திறந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ரூட்டரும் அப்படித்தான். வீட்டில் இணையும் ஒவ்வொரு போனுக்கும், டி.வி-க்கும், கேமராவுக்கும் ஓர் எண் கொடுப்பது அதன் வேலை. இதற்கு ‘டி.எச்.சி.பி’ என்று பெயர். ‘நெட் வேண்டுமென்றால் இந்த வாசல் வழியாகப் போ’ என்று வழி சொல்வதும் அதுதான்.

ஃபைபர் கம்பெனி மாட்டிவிட்டுப் போன பெட்டியே பெரும்பாலும் முழு ரூட்டர். வாசகர் வாங்கியதும் முழு ரூட்டர். ரெண்டும் எண் கொடுக்கின்றன. கேட்கிற போன், எந்தப் பதில் முதலில் வருகிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும். கரண்ட் வந்ததும் சின்ன ரூட்டர் சட்டென்று எழுந்துவிடும். ஃபைபர் பெட்டி எழ சில நிமிடங்கள் ஆகும். அந்த இடைவெளியில் எல்லாக் கருவிகளும் கொட்டகைப் பெட்டியிடம் எண் வாங்கிக்கொள்கின்றன. அது காட்டும் வாசலுக்குப் பின்னால் நெட் இல்லை. அடையாளம் முழுதாக இருந்தும் நெட் வராததன் காரணம் இதுதான். லைன் சரியாக இருக்கிறது என்று கம்பெனி ஆள் சொன்னதும் உண்மைதான்.

இதைச் சோதிக்க, நெட் வராத நேரத்தில் போனின் வைஃபை அமைப்பில், இணைந்திருக்கும் பெயரைத் தொட்டு ஐ.பி எண்ணைப் பாருங்கள். இவர் வீட்டில் நெட் வரும்போது 192.168.1 என்றும், வராதபோது 192.168.0 என்றும் தொடங்கியது. ரெண்டாவது எண் கொட்டகைப் பெட்டி கொடுத்தது. சில வீடுகளில் ரெண்டு பெட்டிக்கும் ஒரே முகவரி, 192.168.1.1, இருக்கும். அங்கே முதல் நாளிலிருந்தே தகராறுதான்.

சரிசெய்யும் வழி

புது ரூட்டரின் அமைப்பில் ‘ஆக்சஸ் பாயின்ட் மோட்’ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்துச் சேமித்தால் பெரும்பாலும் வேலை முடிந்தது. எண் கொடுப்பதை அது தானே நிறுத்திக்கொண்டு, வைஃபை மட்டும் பரப்பும்.

இல்லையென்றால் கையால் செய்ய வேண்டும். வீட்டு ஒயரைக் கழற்றிவிட்டு, கொட்டகை ரூட்டரை மட்டும் போனிலோ கம்ப்யூட்டரிலோ திறங்கள். முகவரியும் பாஸ்வேர்டும் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும். வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் அமைத்த பிறகு, அதன் லேன் முகவரியை வீட்டுப் பெட்டியின் வரிசைக்கு மாற்றுங்கள். வீட்டுப் பெட்டி 192.168.1.1 என்றால், இதற்கு 192.168.1.250 போல ஒன்று. வீட்டுப் பெட்டி பங்கிடும் எண்களுக்குள் அது வரக் கூடாது. பிறகு புது முகவரியில் மறுபடி நுழைந்து, டி.எச்.சி.பி-யை அணையுங்கள். இதைக் கடைசியாகத்தான் செய்ய வேண்டும். முதலிலேயே அணைத்தால் உங்கள் போனுக்கே எண் கிடைக்காமல், உள்ளே நுழைவது சிரமமாகிவிடும். இனி வீட்டு ஒயரை லேன் போர்ட்டில் செருகலாம்.

‘வான் போர்ட்டில் செருகினால் போதுமே’ என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். தவறில்லை, ரெண்டு பெட்டியின் எண் வரிசையும் வேறாக இருந்தால் நெட் வரும். ஆனால், கேமரா ஒருபுறமும் பதிவுப் பெட்டி வீட்டிலும் இருந்தால், ஒன்றுக்கொன்று தெரியாமல் போகலாம்.

ஒரு எச்சரிக்கை. ‘ரெண்டு ஒயர் போட்டால் வேகம் கூடும்’ என்று நினைத்து ரெண்டு பெட்டிக்கும் நடுவே இரட்டை ஒயர் செருகி, என் வீட்டு நெட்டை ஒரு நாள் முழுக்க முடக்கியவன் நான். ஒரே ஒயர்தான்.

அந்த ஒயர் 100 மீட்டருக்குள் இருக்க வேண்டும். வெயில் தாங்கும் வெளிப்புற ரகமாக, சுத்தமான செம்புக் கம்பியாகப் பார்த்து வாங்குங்கள். அலுமினியத்தில் செம்பு பூசியது மலிவு, தொல்லையும் அதிகம். மோட்டார் லைன் போகும் குழாயிலேயே இதையும் நுழைக்காதீர்கள். திறந்தவெளியில் தூரம் அதிகமென்றால், இடி மின்னலுக்குப் பயந்தாவது ஃபைபர் ஒயர் இழுப்பது நல்லது.

கேமராவும், வைஃபையில் இயங்கும் மோட்டார் ஸ்டார்ட்டரும் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே சேரும். அதை அணைத்துவிடாதீர்கள்.

எல்லாம் முடிந்ததும், மெயின் சுவிட்சை அணைத்து, சில நிமிடம் கழித்துப் போட்டுப் பாருங்கள். ஃபைபர் பெட்டி எழுந்த பிறகு கேமரா தானாகப் படம் காட்ட வேண்டும். வாசகர் மூன்று முறை அணைத்துப் பார்த்து, மூன்று முறையும் படம் வந்ததாகச் சொன்னார். அவருடைய இன்னொரு மாடு இப்போது ஏழு மாதச் சினை.

பின்குறிப்பு: ரூட்டர் பற்றிக் கேள்வி அனுப்பும் சிலர், அடியில் உள்ள ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்புகிறார்கள். அதில் உங்கள் பாஸ்வேர்டு இருக்கிறது. ரூட்டரின் மாடல் எண்ணை மட்டும் எழுதி அனுப்புங்கள்.