செயின் துடைக்கணுமா? முதல்ல சாவியை எடுங்க

சாயங்காலம் நம்ம ஹாஸ்டல் பார்க்கிங்ல ரெண்டு நிமிஷம் நின்னு கேளுங்க. உள்ள வர்ற பைக்குகள்ல ஒண்ணு ரெண்டாவது "கர்ர்... கர்ர்"னு சத்தம் போட்டுக்கிட்டுதான் வரும். எஞ்சின் மேல பழி போடாதீங்க. அது காஞ்சு போன செயின்.

என் பைக்கும் போன மழைக்காலம் முழுக்க அப்படித்தான் கத்துச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை சென்டர் ஸ்டாண்ட் போட்டு, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, ஃபர்ஸ்ட் கியர்ல விட்டு, ஓடுற செயின் மேல பழைய பனியன் துணியை வெச்சுப் பிடிச்சேன். சீக்கிரம் முடிச்சிடலாம்னு நினைப்பு. ரெண்டாவது சுத்துலயே துணி கையை விட்டுப் போயிடுச்சு. என்ன ஆச்சுன்னு பாக்குறதுக்குள்ள செயினுக்கும் பின் ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவுல சிக்கி, எஞ்சின் ஆஃப். மெக்கானிக் அண்ணன்கிட்ட தள்ளிட்டுப் போனேன். துணியைப் பார்த்தவர் பைக்கைப் பத்தி ஒண்ணுமே கேக்கல. "விரல் அஞ்சும் இருக்காடா?"ன்னு மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பின்னாடி இருக்குற கணக்கை அன்னைக்கு ராத்திரி போட்டுப் பார்த்தேன். ஐடில்ல எஞ்சின் 1400 ஆர்பிஎம்னு வெச்சுக்கோங்க. ஃபர்ஸ்ட் கியர்ல முன் ஸ்ப்ராக்கெட்டுக்கு வர்றப்போ அது பத்துல ஒரு பங்கு, அதாவது 140 சுத்துன்னு எடுத்துக்கலாம். ஸ்ப்ராக்கெட்டுக்கு 14 பல். நம்ம ஊர் சின்ன பைக்குகள்ல பரவலா இருக்குற 428 செயின்ல ஒரு பிட்ச் 12.7 மில்லிமீட்டர். பெருக்கிப் பார்த்தா, செயின் ஒரு விநாடிக்கு சுமார் 41 சென்டிமீட்டர் ஓடுது. நம்ம ரியாக்‌ஷன் டைம் சுமார் 0.2 விநாடி. அதுக்குள்ள செயின் 8 சென்டிமீட்டர் போயிருக்கும். உங்க ஆள்காட்டி விரலை ஒரு தடவை அளந்து பாருங்க. கையை எடுக்கணும்னு மூளை முடிவு பண்றப்போ எடுக்க விரல் இருக்காது.

அதனால முதல் விதி: எஞ்சின் ஆஃப், கியர் நியூட்ரல், சாவி பாக்கெட்ல.

அழுக்கு என்ன பண்ணுது?

செயினை இரும்புக் கயிறுன்னு நினைக்காதீங்க. ஒவ்வொரு கண்ணிக்குள்ளயும் ஒரு பின், அதைச் சுத்தி ஒரு புஷ், அதுக்கு மேல ஒரு ரோலர். 1880-ல ஹான்ஸ் ரெனால்ட் மான்செஸ்டர்ல கொண்டு வந்த அதே அமைப்புதான் இன்னைக்கும். ரோட்டு மணலும் பழைய ஆயிலும் சேர்ந்தா கறுப்பா ஒரு களிம்பு ஆகுது. அது அரைக்குற பேஸ்ட் மாதிரி பின்னையும் புஷ்ஷையும் தேய்க்கும். ஒரு இணைப்புல 0.05 மில்லிமீட்டர் தேஞ்சாக்கூட, 120 இணைப்புல மொத்தம் 6 மில்லிமீட்டர். செயின் "இழுத்துடுச்சு"ன்னு சொல்றோமே, அது இதுதான். இரும்பு நீளல, மூட்டு தேஞ்சிருக்கு.

சுத்தம் பண்றது

வேணுங்கிறது மண்ணெண்ணெய் இல்லன்னா செயின் கிளீனர், ஒரு பழைய டூத் பிரஷ், ரெண்டு துணி, கீழ விரிக்க நியூஸ் பேப்பர். பெட்ரோல் வேணாம். தீப்பிடிக்குற ஆபத்து ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ஓ-ரிங் வெச்ச செயின்னா அந்த ரப்பரைக் கெடுத்துடும். ஓ-ரிங்தான் உள்ள இருக்குற கிரீஸைக் காப்பாத்துது, அது போனா செயினும் போச்சு. கம்பி பிரஷ்ஷும், கிட்ட வெச்சு அடிக்குற பிரஷர் வாட்டரும் அதே காரணத்துக்காக வேணாம்.

செயினோட கீழ்ப்பக்க ஓட்டத்துல வேலை பாருங்க. பின் சக்கரத்தைக் கையால பின்பக்கமா சுத்துங்க. முன்பக்கமா சுத்தினா கீழ் செயின் நேரா பின் ஸ்ப்ராக்கெட்டுக்குள்ள நுழையும். பின்பக்கமா சுத்தினா அதை விட்டு விலகிப் போகும். அப்பவும் சக்கரத்தை நிறுத்திட்டுத் துடைங்க, துடைச்சிட்டு சுத்துங்க. கையால சுத்துற சக்கரமும் விரலை நசுக்கும்.

சென்டர் ஸ்டாண்ட் இல்லையா? ஒரு ஜாண் நீளம் துடைங்க, பைக்கைக் கொஞ்சம் தள்ளுங்க, அடுத்த ஜாண். செயின் முழுக்க கவருக்குள்ள இருக்குற பைக்னா கவரைக் கழட்டித்தான் பண்ணணும். சர்வீஸ் விடுறப்போ சொல்லிச் செய்ய வைங்க.

ஆயில் போடுறது

காஞ்ச துணியால துடைச்சு, நல்லா உலர விடுங்க. அப்புறம் செயின் லூப் ஸ்பிரே, இல்லன்னா எஸ்ஏஇ 90 கியர் ஆயில். ஓ-ரிங் செயின்னா, ஸ்பிரே டப்பா மேல ஓ-ரிங்குக்கு ஏத்ததுன்னு போட்டிருக்கான்னு பாருங்க. எஞ்சின்ல இருந்து இறக்கின பழைய ஆயில் வேணாம், அதுலயே கரியும் இரும்புத் துகளும் இருக்கும்.

செயினோட உள்பக்கம், அதாவது ஸ்ப்ராக்கெட் பல் படுற பக்கம் போடுங்க. ஓடுறப்போ ஆயில் வெளிப்பக்கமா வீசப்படும், அதனால உள்ள போட்டாதான் எல்லா இடத்துக்கும் போய்ச் சேரும். டயர்லயும் பிரேக்லயும் ஒரு சொட்டுகூட படக் கூடாது. அரை மணி நேரம் அப்படியே விட்டுட்டு, மிச்ச ஆயிலைத் துடைச்சிடுங்க. வெளிய வழியுற ஆயில் தூசியைச் சேர்க்கத்தான் உதவும்.

கிளம்புறதுக்கு முன்னாடி மூணு செக்

ஒண்ணு, தொய்வு. கீழ் செயினோட நடுவுல மேலயும் கீழயும் ஆட்டிப் பாருங்க. நிறைய சின்ன பைக்குகளுக்கு மொத்தம் 20-ல இருந்து 30 மில்லிமீட்டர், உங்க பைக்குக்கு எவ்வளவுன்னு மேனுவல்ல இருக்கும். ரொம்ப டைட்டா வெச்சா பேரிங் அடி வாங்கும். ரொம்ப லூசா விட்டா ஓடுறப்போ செயின் கழண்டு சக்கரமே லாக் ஆகலாம்.

ரெண்டு, நீளம். 428 செயினை இறுக்கிப் பிடிச்சு, முதல் பின்ல இருந்து 21-ஆவது பின் வரைக்கும் அளங்க. புதுசுல 254 மில்லிமீட்டர். 259-ஐ நெருங்கிட்டா மாத்துற நேரம் வந்தாச்சு. மேனுவல் அதைவிடக் குறைவா சொன்னா மேனுவல் பேச்சைக் கேளுங்க. மாத்துறப்போ ரெண்டு ஸ்ப்ராக்கெட்டையும் சேர்த்து மாத்துங்க, தேஞ்ச பல் புதுச் செயினையும் தின்னுடும்.

மூணு, லாக் கிளிப் இருக்குற செயின்னா, கிளிப்போட மூடின பக்கம் செயின் ஓடுற திசையைப் பார்த்து இருக்கணும்.

500 கிலோமீட்டருக்கு ஒரு தடவை, பெரிய மழையில ஓட்டினா அடுத்த நாளே, இதைப் பண்ணுங்க. மொத்தமே ஒரு மணி நேரம்தான்.

எஞ்சினை ஓட விட்டா அதுல பத்து நிமிஷம் மிச்சமாகும்னு எனக்கும் தெரியும். நானும் அந்தப் பத்து நிமிஷத்துக்கு ஆசைப்பட்டவன்தான். அன்னைக்கு துணி மட்டும் போச்சு. பார்க்கிங்ல யாராவது எஞ்சின் ஓட ஓட செயின் துடைக்குறதைப் பார்த்தீங்கன்னா, அட்வைஸ் எல்லாம் அப்புறம். முதல்ல போய் சாவியைத் திருப்பி ஆஃப் பண்ணுங்க.