தொலைக்காட்சி விளையாட்டும் சிறார் துயரமும்

உவகை தோன்றுதற்குரிய நிலைக்களன்களை வகுத்த தொல்காப்பியர் அவற்றுள் விளையாட்டையும் ஒன்றாக வைத்தார். அழுகைக்குரியனவற்றுள் இழவை ஒன்றாக வைத்தார். விளையாட்டே இழவாய் முடியுமிடத்து நிகழ்வதைப் பிற்காலத்துப் பிள்ளைத்தமிழ்ப் புலவர் நன்கு அறிந்திருந்தனர். ஆண்பாற் பிள்ளைத்தமிழிலே சிற்றிற் பருவம் என்பது, சிறுமியர் மணலிற் கட்டிய சிறுவீட்டைப் பாட்டுடைத் தலைவனாகிய குழந்தை காலால் அழிக்க வருவதும், அழியாதே என்று அவர்கள் அவனை இரந்து நிற்பதுமாகும். அங்கே சிதைப்பவன் கண்முன் நிற்கின்றான். அவனை வேண்டலாம், வையலாம், அவன் தாயிடஞ் சென்று முறையிடலாம். இருபதாம் நூற்றாண்டின் இறுதியிற் கொழும்புச் சிறார்க்கு வாய்த்த சிற்றிலோ தொலைக்காட்சித் திரையிலே கட்டப்பட்டது. அது சிதைந்தபோது சிதைத்தவன் இவன் என்று சுட்ட ஒருவரும் இலர். ஆகவே, கடைசியாக அதனைத் தொட்ட பிள்ளையின் தலையிலே பழி விழுந்தது.

ரி.வி. கேம் என்று வீடுகளில் வழங்கிய அப்பொறியின் மூலம் யப்பானிலுள்ளது. நிண்டெண்டோ நிறுவனத்தார் 1983ஆம் ஆண்டு யூலை மாதத்திலே ‘பமிலி கொம்பியூட்டர்’ என்னும் பெயரோடு அதனை வெளியிட்டனர். ஆயின், 1990களிற் கொழும்பிலே பெரும்பாலான வீடுகளிற் காணப்பட்டது அம்மூலமன்று. அதனைப் பார்த்துத் தாய்வானிலும் சீனாவிலும் செய்யப்பட்ட போலியே. புறக்கோட்டைக் கடைகளில் அது மலிவாகக் கிடைத்தது. பொறி ஒன்று, பிடி இரண்டு, மின்சாரத்திற்கு ஓர் அடப்ரர், ஆட்டங்கள் அடங்கிய கசெற்று ஒன்று. இவ்வளவே அதன் உறுப்புக்கள்.

அக்காலத்து வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழ்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு இப்பொறி பிறர்க்கு இருந்ததினும் பெரிதாக இருந்தது என்பதற்குக் காரணமுண்டு. 1990ஆம் ஆண்டு யூனிற் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் அற்றுப்போயிற்று. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட வீடுகளிலிருந்து புறப்பட்டுவந்த பிள்ளைகள், காலி வீதியின் கடற்புறத்து ஒழுங்கைகளில் வாடகைக்கு எடுத்த இரண்டு அறைகளிலோ கொட்டாஞ்சேனை விடுதிகளிலோ தங்கினர். முற்றம் இல்லை. வீதியிலே சோதனைச் சாவடிகள். குண்டு வெடித்த நாட்களிற் பெற்றோர் அவர்களை வாயிலுக்கும் விடார். ஊரிற் பனங்கூடலும் கோயில் வீதியும் விளையாட்டிடமாக இருந்த பிள்ளைக்கு, இங்கே பதினான்கு அங்குலத் திரையே விளையாட்டிடமாயிற்று. அத்திரையிலே படம் குழம்புமாயின் அவனுக்கு வேறு வெளியில்லை.

படம் குழம்புவது எவ்வாறு என்பதைச் சற்று விரிவாக நோக்குதல் தகும். அது மாயமன்று, மிகத் தெளிவான காரணமுடையது. கசெற்றின் அடியிலே இரு பக்கங்களிலுமாக அறுபது உலோகத் தொடுகைகள் வரிசையாக அமைந்துள்ளன. அவற்றுள் ஒரு தொகுதி பொறியின் மூளையாகிய கணிப்புச் சில்லுக்குச் செல்வது. மற்றொரு தொகுதி படம் வரையும் சில்லுக்குச் செல்வது. முதற்றொகுதியிலே ஒன்று தொடாது போமாயின், மூளைக்குக் கட்டளை பிழையாகச் சென்று பொறி அப்படியே நின்றுவிடும். திரை ஒரே நிறமாகும். இரண்டாவது தொகுதியிலே ஒன்று தொடாது போமாயின் நிகழ்வது வேறு. இசை ஒலிக்கும்; மாரியோ ஓடுவான்; குதிப்பான்; படம் மாத்திரம் சிதையும்.

இச்சிதைவும் ஒழுங்குடையதே. திரையிற் காணும் உருவங்களெல்லாம் எட்டுப் புள்ளி அகலமும் எட்டுப் புள்ளி உயரமுமுடைய சிறு ஓடுகளாக அடுக்கப்பட்டவை. ஓட்டின் ஒவ்வொரு வரியும் எட்டுக் கம்பிகளின் வழியே, கம்பிக்கு ஒரு புள்ளியாக, ஒருங்கே வந்து சேரும். ஒரு கம்பி தொடாவிடின் ஒவ்வோர் ஓட்டிலும் அதே இடத்துப் புள்ளி பிழைக்கும். ஆகவே திரை முழுவதும் எட்டுப் புள்ளிக்கு ஒன்றாக நெடுங்கோடுகள் விழும். அக்கோடுகளை யன்னற் கம்பிகளைப் போலக் கண்டு அழுத பிள்ளைகள் பலர். ஒரு தொடுகையின் மேற் படிந்த மெல்லிய அழுக்கே அதன் காரணம் என்பதை அவர்களுக்குச் சொல்வாரில்லை. காலி வீதிக்குக் கடற்புறமாயுள்ள வீடுகளிலே யன்னற் கொளுக்கியும் கதவுப் பிணைச்சலும் உப்புக் காற்றாற் பூத்துப்போவதை அறிந்தோர், மலிவான கசெற்றின் மெல்லிய முலாம் எத்துணைக் காலம் நிற்கும் என்பதை எளிதில் உய்த்துணர்வர்.

பிள்ளைகள் கண்ட மருந்து ஊதுதல். கசெற்றைக் கழற்றி, வாயருகே பிடித்து, மந்திரிப்பவர் திருநீறு ஊதுமாப்போல ஊதி, மீண்டும் செருகுவர். பெரும்பாலும் படம் சரியாகும். கொழும்பிலே மாத்திரமன்று, உலகெங்கணும் சிறார் ஒருவரிடமொருவர் கேளாமலே இதே மருந்தைக் கண்டனர் என்பது வியப்பிற்குரியது. ஆயின் குணப்படுத்தியது ஊதுதலன்று. கழற்றிச் செருகும்போது உலோகமும் உலோகமும் உராய்ந்து அழுக்கை நீக்கியமையே உண்மையான மருந்து. மூச்சிலுள்ள ஈரம் நாளடைவிலே தொடுகையை மேலும் கறுக்கச் செய்தது. ஊதவேண்டாம் என்று நிண்டெண்டோ நிறுவனத்தாரே அறிவுறுத்தியுள்ளனர். அழிறப்பரால் மெல்லத் தேய்த்த பிள்ளைகள் இவர்களினும் அறிவாளிகள். அவர்கள் செய்தது ஏறத்தாழ முறையான சிகிச்சையே.

பிடியிலும் நோயுண்டு. பொத்தானின் கீழே கரி பூசிய இறப்பர்த் துண்டொன்று உள்ளது. அமுக்கும்போது அது இரண்டு செப்புக் கோடுகளைச் சேர்க்கும். கரி தேய்ந்தபின் எத்துணை அமுக்கினும் மாரியோ குதியான், குழியில் வீழ்வான். ‘நான் அமத்தினான், அது பாயேல்லை’ என்று பிள்ளை சொல்லும். ‘பொய் சொல்லாதை, உனக்கு விளையாடத் தெரியாது’ என்று தமையன் சொல்வான். பிள்ளை சொல்வதே உண்மை. இதனை உணர்ந்த சிலர் சிகரெட்டுப் பெட்டியின் வெள்ளித்தாளை வெட்டி ஒட்டிக் கரியின் தொழிலை அதற்குக் கொடுத்தனர்.

வெளிநாட்டிலிருந்து வந்த பொறிகளின் கதை தனிச் சோகமுடையது. கனடாவிலிருந்து வரும் மாமன் பெட்டிக்குள் வைத்து உண்மையான நிண்டெண்டோ ஒன்றைக் கொண்டுவருவார். கனடாவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ற்று. இலங்கையில் 230 வோல்ற்று. மின்மாற்றி இன்றி அதன் அடப்ரரைச் சுவரிலே செருகிய கணத்தில், ஏறத்தாழ இருமடங்கு அழுத்தம் அதனுட் பாய, சுருள் சூடேறி எரியும். சில செக்கனில் மணம் எழும், புகை எழும், மாதக்கணக்காய்க் காத்திருந்த பரிசு முடிந்தது. அடப்ரர் தப்பினும் மற்றொரு தடை நின்றது. வட அமெரிக்காவின் வர்ண முறை வேறு. இலங்கைத் தொலைக்காட்சி கைக்கொண்ட பால் முறை வேறு. பழைய பெட்டிகளிலே அப்பொறியின் படம் நிறமற்றும் உருண்டும் தோன்றும். யேர்மனியிலிருந்தோ சுவிற்சலாந்திலிருந்தோ வந்த பொறிக்கு இவ்விரண்டு குறையும் இல்லை. ஆனால் அதன் கசெற்றுக்கு எழுபத்திரண்டு தொடுகைகள். புறக்கோட்டைக் கசெற்றுக்கு அறுபது. ஒன்று மற்றொன்றிற் பொருந்தாது. பரிசளித்த பெரியவர்கள் பிள்ளை அதனைப் பேணாது கெடுத்தான் என்றே கருதினர்.

மின்வெட்டை இங்கே கூறாது விடுதல் இயலாது. 1996ஆம் ஆண்டு மழை பொய்த்து நீர்த்தேக்கங்கள் வற்றியபோது நாடெங்கும் மணிக்கணக்காக மின்சாரம் நிறுத்தப்பட்டது, 2001இலும் அவ்வாறே. இப்பொறியின் வேலை நினைவகம் 2048 பைற்று அளவினது. எட்டிய கட்டம், சேர்த்த புள்ளி, எஞ்சிய உயிர் யாவும் அதனுள்ளேயே இருக்கும். மின்சாரம் அறும்போது யாவும் அழியும். சில நல்ல ஆட்டங்களிலே கசெற்றினுட் சிறு மின்கலம் வைத்து நினைவைக் காத்தனர். மலிவான பிரதிகள் பலவற்றிலே செலவு கருதி அம்மின்கலத்தை விட்டுவிட்டனர். ஆகவே பிள்ளை எட்டாம் உலகத்து வாயிலில் நிற்கும்போது மின்விசிறி மெல்லச் சுழன்று நின்றதாயின், மீண்டும் முதலுலகிலிருந்தே தொடங்கவேண்டும். மின்வெட்டு நேர அட்டவணையைத் தாய்மார் சமையலுக்காக மனப்பாடஞ் செய்தனர்; பிள்ளைகள் இதற்காகச் செய்தனர்.

கசெற்றின் மேலொட்டியிருந்த எண்ணைப் பற்றியும் ஒரு சொல். தொண்ணூற்றொன்பது இலட்சத்துக்கு மேற்பட்ட ஆட்டங்கள் ஒன்றில் அடங்கியுள்ளன என்று அவ்வொட்டுத்தாள் பறைசாற்றும். உள்ளேயிருப்பவை ஒருசில ஆட்டங்களே. பட்டியலில் ஒரு பெயரைத் தெரிந்தால், செய்நிரல் நினைவகத்திலே தொடக்கக் கட்டத்தின் எண்ணை மாத்திரம் மாற்றி அதே ஆட்டத்தை மீண்டும் தொடக்கும். எண்கணிதம் படிக்கும் வயதிலே ஒரு பிள்ளை முதன்முதலாக வணிகப் பொய்யை அறிந்த இடம் இதுவாகவும் இருக்கலாம்.

இதுகாறும் கூறியவை உலோகத்தின் குற்றங்கள். செய்நிரலின் குற்றங்கள் வேறு. 1985இல் வந்த ‘சுப்பர் மாரியோ பிரதர்ஸ்’ ஆட்டத்திலே, முதலுலகின் இரண்டாங் கட்டத்தின் முடிவிற் சுவரூடே நழுவிச் சென்று ஒரு குழாயினுட் புகுவோர், ‘-1’ என்று எண்ணிடப்பட்ட நீருலகை அடைவர். அதற்கு முடிவில்லை, ஈற்றிலுள்ள குழாய் மீண்டும் தொடக்கத்திலேயே விடும். நேரம் முடிந்து உயிர்கள் யாவும் தீரும்வரை நீந்தவேண்டியதே. இது மறைத்துவைக்கப்பட்ட இரகசியம் என்று பிள்ளைகள் நம்பினர். உண்மை யாதெனின், அவ்விடத்துக் குழாய்கள் எவ்வுலகுக்குச் செல்லும் என்பதைத் திரை குறித்த இடத்துக்கு நகர்ந்தபின்பே செய்நிரல் திருத்தி எழுதும். முந்திப் புகுந்தவனுக்கு வேறோர் இடத்துக்குரிய பட்டியலே கிடைக்கும். அப்பட்டியலிலே குழாயில்லாத இடத்தைக் காட்ட ‘வெற்றிடம்’ என்னும் குறி வைக்கப்பட்டிருந்தது. அக்குறியின் எண் 36. பொறி அதனை உலகின் எண் என்று கொண்டு 36ஆம் உலகைத் திறந்தது. திரையிலோ 36 வெற்றிடமாகவே தோன்றுமாதலின் எஞ்சிய ‘-1’ மாத்திரம் தெரிந்தது. 1980இல் வந்த ‘பாக்மன்’ ஆட்டத்தின் 256ஆம் கட்டத்திலே திரையின் வலப்பாதி எழுத்துக் குப்பையாகி ஆட்டம் முடிக்கவொண்ணாது நிற்பதும் இத்தகையதே. ஒரு பைற்றிலே 255க்கு மேல் எண்ண இடமில்லை.

திறமையின்மை என்று பிள்ளைமேற் சுமத்தப்பட்டது பல சமயங்களிலே செய்தவரின் அவசரமே. 1982இல் அமெரிக்காவில் அற்றாரி நிறுவனத்தார் ‘ஈ.ரி.’ திரைப்படத்தை ஒட்டிய ஆட்டத்தை நத்தாருக்குமுன் விற்கவேண்டி, ஹவார்ட் ஸ்கொற் வார்ஷோ என்பவரிடம் ஏறத்தாழ ஐந்து வாரங்களே கொடுத்தனர். அதன் நாயகன் ஓயாது குழிகளில் வீழ்ந்தான். விலைபோகாத கசெற்றுக்கள் 1983இல் நியூ மெக்சிக்கோவிலுள்ள அலமகோர்டோவிலே புதைக்கப்பட்டன. 2014 ஏப்பிரலில் அகழ்ந்தெடுக்கப்பட்டன. அவ்வாட்டத்தில் வீழ்ந்து வீழ்ந்து அழுத அமெரிக்கப் பிள்ளைகளும் தம்மையே நொந்திருப்பர்.

கொழும்பிலே கசெற்றைத் திருத்தக் கொடுத்தால், தொலைக்காட்சி திருத்துவோர் பலர் அதனைத் திறந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தனர். அவர்களையும் குறைகூறல் தகாது. மலிவான கசெற்றினுள்ளே கழற்றிமாற்றத்தக்க சில்லு இல்லை. பலகையிலே ஒட்டிய சிலிக்கன் துணுக்கின்மீது கறுப்புப் பசை குமிழாக ஊற்றப்பட்டிருக்கும். அறுந்த கம்பிக்கு ஈயம் வைக்கலாம், அக்குமிழுக்கு வைத்தியமில்லை. பின்னர்ப் பம்பலப்பிட்டி யூனிற்றி பிளாசாவிலே கொம்பியூட்டர் ஆட்டங்கள் இறுவட்டுக்களாகக் கிடைத்தன. அவற்றில் கீறலும் வைரசும் புதிய துன்பங்களாயின.

2020 டிசம்பரிலே ‘சைபர்பங்க் 2077’ என்னும் ஆட்டம் குறைகள் மலிந்து வெளிவந்தபோது, ஒரு வாரத்துள் சோனி நிறுவனத்தார் அதனைத் தம் இணையக் கடையினின்றும் நீக்கி, வாங்கியோர்க்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தனர். ஆடியோர் யாவரும் ஒரே நாளில் ஒருமித்துக் குரலெழுப்பினர். தம் கையில் குற்றமில்லை என்பது ஒவ்வொருவர்க்கும் உடனே தெரிந்தது. 1996இலே கொட்டாஞ்சேனை விடுதியறையிற் கோடு விழுந்த திரையை நோக்கியிருந்த பிள்ளைக்கு, இதே வகைப் போலிப் பொறி 1992 முதல் ‘டெண்டி’ என்னும் பெயரோடு இரசியாவில் விற்கப்படுகிறது என்பதும், மொஸ்கோவிலே ஒரு பிள்ளை அதே கோடுகளைக் கண்டு அதே கசெற்றை ஊதிக்கொண்டிருக்கிறது என்பதும் தெரியாது.