நீலப் பாப்பியும் கருவிளையும்

தோட்டக்கலையில் விருப்பமுடையார் உள்ளத்தில் எழும் வினாவொன்று உண்டு. இமயமலைச் சாரலில் மலரும் நீலப் பாப்பியை விதையிட்டுக் காரைக்காலில் நம் வீட்டுக் கொல்லையில் வளர்த்தல் கூடுமோ என்பதே அது. படத்திற் கண்ட அம்மலரின் வான்நிறத்தில் உள்ளம் பறிகொடுத்து, விதைப் பொட்டலத்தை விலை கொடுத்து வாங்கி, தொட்டியிலிட்டு, நாள்தோறும் நீர் தெளித்துக் காத்திருந்து, முடிவில் ஒன்றும் முளையாமை கண்டு, ‘நம் கைக்கு ராசியில்லை’ என்று சோர்வடைவாரும் உளர். அவர்தம் கையிற் குறையொன்றும் இல்லை. வித்தின் இயல்பை முன்னரே ஆராயாமைதான் குறை. அவ்வியல்பை விளக்குதலும், அவ்வாவலை நம் மண்ணிலேயே நிறைவேற்றும் வழியைக் காட்டுதலும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாம் உணவிற் சேர்க்கும் கசகசாவைத் தரும் செடியின் குடும்பத்தையே பாப்பிக் குடும்பம் என்பர். அக்குடும்பத்துள் ‘மெக்கனாப்ஸிஸ்’ என்னும் இனத்தைச் சார்ந்த செடிகள் சிலவே இந்நீலப் பாப்பிகள். இவற்றின் தாயகம் இமயமும் அதனையடுத்த திபெத்து, யூனான் மலைநாடுகளுமாம். கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 10,000 முதல் 13,000 அடி வரை உயர்ந்த சரிவுகளில், பனி உருகி மண் நனைந்திருக்கும் இடங்களில் இவை செழிக்கின்றன. உத்தராகண்டத்திலுள்ள பூக்கள் பள்ளத்தாக்கிற்கு மழைக்காலத்திற் செல்வோர், முள் செறிந்த ஓரினத்தைப் பாறை இடுக்குகளிற் காண்பர். பூட்டான் நாட்டின் தேசிய மலரும் நீலப் பாப்பியே.

இம்மலர் தோட்டங்களுக்கு வந்த வரலாறு நமக்கோர் உண்மையை உணர்த்துகின்றது. தெலவே என்னும் பிரெஞ்சுக் குரவர் ஒருவர் 1886-ஆம் ஆண்டில் யூனான் மலைகளில் இதன் ஓரினத்தைச் சேகரித்துப் பாரிஸுக்கு அனுப்பினார். அவர் சார்ந்த பாரிஸ் அயல்நாட்டுச் சபையாரே நம் புதுச்சேரிப் பகுதியிலும் பணியாற்றியவர். அச்செடியை ஆராய்ந்து 1889-இல் அதற்குப் பெயரிட்டவர் பிரான்ஷே என்னும் தாவர நூலார். பின்னர் 1913-இல் பெய்லி என்னும் ஆங்கிலேய அதிகாரி தென்கிழக்குத் திபெத்தில் நீலப் பாப்பியைக் கண்டு ஒரு மலரைத் தாளிடை வைத்துக் கொணர்ந்தார். எனினும் கிங்டன் வார்டு என்பார் 1924-இல் திபெத்துக்குச் சென்று முற்றிய விதைகளைத் திரட்டிய பின்னரே, 1926-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் தோட்டங்களில் இது மலர்ந்து மக்களை மகிழ்வித்தது. உலர்ந்த மலர் கொணர்ந்தது பெயரை மட்டுமே. செடியைக் கொணர்ந்தது விதை.

இனி, அவ்விதையை வளர்க்கும் முறையைக் காண்போம். இவ்விதை கசகசாவைப் போலச் சிறியது. முளைக்கும் ஆற்றலை விரைவில் இழப்பது. ஆதலின் புதிய விதையே வேண்டும். உடனே விதைக்க இயலாவிடின் நன்கு உலர்த்திக் குளிரில் வைத்தல் வேண்டும். மக்கிய இலையுரமும் மணலும் கலந்த, புளிப்புத் தன்மையுடைய மண்ணைத் தட்டிலிட்டு, அதன் மேற்பரப்பில் விதையைத் தூவி, மூடியும் மூடாமலும் மெல்லிய மணல் தெளித்தால் போதும். ஆழப் புதைத்தால் முளையாது. தட்டை நீரில் வைத்து அடியிலிருந்து ஈரம் ஏறச் செய்தல் நலம்; மேலிருந்து ஊற்றினால் விதை ஒதுங்கும், நாற்றழுகல் நோயும் பற்றும். வெப்பநிலை 10 முதல் 15 பாகை சென்டிகிரேடு அளவில் இருப்பின் சில வாரங்களில் முளை தோன்றும். நான்கு இலை விட்டபின் பிடுங்கி நடலாம். முதலாண்டிலேயே மொட்டு விட்டால் அதனைக் கிள்ளிவிடுதல் வேண்டும். அடி வலுப்பெறுமுன் பூத்த செடி பெரும்பாலும் மடியும். சில இனங்களோ எவ்வாறு பேணினும் ஒருமுறை பூத்து விதையீன்றபின் மடிவனவே.

‘குளிர்தானே வேண்டும்? குளிர்சாதனப் பெட்டியில் தட்டை வைத்தால் ஆகாதோ?’ எனின், முளைப்பிக்க அது உதவலாம். ஆயினும் முளைத்தல் வேறு, வாழ்தல் வேறு. அரசலாறு கடலொடு கலக்கும் நம் ஊரில், மார்கழி இரவிலும் வெப்பம் 20 பாகைக்குக் கீழ் இறங்குதல் அரிது. கத்திரி வெயிலிலோ 40 பாகையை நெருங்கும். பகலில் இலை சமைத்த உணவில் ஒரு பகுதியை இரவில் மூச்சின்வழிச் செலவிடுதல் செடிகளின் இயல்பு. இரவு வெம்மையாயிருப்பின் அச்செலவு மிகும். வரவினும் செலவு மிக்க குடி போல மலைச்செடி நாளடைவில் மெலிந்து அழியும். அன்றியும், ஐப்பசி கார்த்திகையில் நம் வண்டல் மண்ணில் தேங்கும் வெதுவெதுப்பான நீர் அதன் வேரை அழுகச் செய்யும். கடலோரக் கிணறுகளின் உவர்ப்பும் அதற்குப் பகையே. குளிர்ந்து ஈரமான ஸ்காத்லாந்தில் எளிதில் வளரும் இச்செடி, வறண்ட தென்கிழக்கு இங்கிலாந்திலேயே இடர்ப்படுகின்றதெனின், கழிமுகத்து நெய்தல் நிலத்தைப் பற்றிக் கூறவேண்டுவதில்லை. நீலகிரியில் வாழும் நம் பழைய மாணவர் வேண்டுமாயின் மேற்கூறிய முறையிற் சோதித்துப் பார்க்கலாம்.

ஈண்டு எச்சரிக்கை இரண்டு கூறுதல் கடமையாகும். அடுக்களையிலுள்ள கசகசாவை எடுத்து ‘இதுவும் பாப்பிதானே’ என்று விதைத்தல் ஆகாது. அது அபினிச் செடியின் வித்து. உரிமம் இன்றி அதனைப் பயிரிடுதல் 1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாகும். மற்றொன்று, நம் புறம்போக்கு நிலங்களில் தானே முளைக்கும் பிரமதண்டு. மெக்ஸிகோ முதலிய அமெரிக்க நாடுகளிலிருந்து வந்த இதுவும் பாப்பிக் குடும்பத்ததே. மஞ்சள் மலர் அழகியதாயினும், கடுகை ஒத்த இதன் விதை நஞ்சு. 1998-இல் தில்லியில் கடுகெண்ணெயில் இதன் எண்ணெய் கலந்ததால் நீர்க்கோவை நோய் பரவிப் பலர் மாண்டனர். ஆதலின் இவ்விரண்டும் தோட்டத்திற்கு உரியன அல்ல.

அங்ஙனமாயின் நீல மலரை விதையிலிருந்து காணும் இன்பம் காரைக்காலார்க்கு இல்லையோ? உண்டு. அது கருவிளை. காக்கணம் என்றும், மலரின் வடிவம் பற்றிச் சங்குப்பூ என்றும் வழங்குவது இதுவே. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிக் கூறும் மலர்களுள் ஒன்றாக இது இடம்பெற்றிருத்தலின், தமிழர் இதனை நெடுங்காலமாக அறிந்திருந்தனர் என்பது தெளிவு. வேலியிற் படர்வதாலேயே நம்மால் மதிக்கப்படாது போயிற்று.

இதன் வித்து நீலப் பாப்பியின் வித்திற்கு நேர்மாறானது. நீர் புகாத கடிய தோலை உடையது. கோடையில் எதிர்பாராது பெய்யும் ஒரு மழையை நம்பி எல்லா விதையும் முளைத்துவிடின், அடுத்த வெயிலில் எல்லாம் கருகும். தோல் கடிதாதலின் சில இவ்வாண்டும் சில பிறிதோராண்டும் முளைத்துக் குலம் காக்கின்றன. நாம் விரைவில் முளைப்பிக்க விரும்பின், விதையை மணற்றாளில் இலேசாகத் தேய்த்து, ஓரிரவு நீரில் ஊற வைத்தல் வேண்டும். ஊதிப் பருத்தவற்றை விரற்கடை ஆழத்தில் ஊன்றலாம். பருக்காதவற்றை மீண்டும் தேய்த்து ஊற வைக்கலாம்.

‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்னும் பழமொழி இதற்கும் பொருந்தும். ஆடியில் ஊன்றினால் ஐப்பசி அடைமழைக்கு முன் வேர் ஆழ்ந்துவிடும். மண்ணைச் சிறு மேடாகக் குவித்து அதன்மேல் ஊன்றுக. மழைநீர் தேங்காது வடியும். கிணற்று நீர் உவர்ப்பாயின், இளஞ்செடிக்குச் சேமித்த மழைநீரை வார்த்தல் நலம். ஓரிரு வாரத்தில் முளை தோன்றும். பின்பு பந்தலோ வேலியோ பற்றக் கொடுத்தால் இரண்டு மூன்று திங்களிற் பூக்கும். அவரையினத்தைச் சார்ந்ததாதலின் இதன் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பற்றி மண்ணுக்கு வளம் சேர்க்கும். காய் பழுப்பு நிறமடைந்து வெடிக்குமுன் பறித்து விதை எடுத்துவைத்தால், மறு ஆண்டிற்குக் கடைக்குச் செல்ல வேண்டுவதில்லை.

அறிவியல் பயிலும் மாணவர்க்கு இக்கொடி ஒரு சிறு ஆய்வுக்கூடமும் ஆகும். இதழை வெந்நீரிலிட்டால் நீலச் சாறு இறங்கும். அதில் எலுமிச்சைச் சாறு பிழிந்தால் ஊதாவும் செம்மையும் ஆகும். மலாய் நாட்டார் இச்சாற்றினால் சோற்றுக்கு நீலமேற்றுவர். நீலப் பாப்பியின் இதழிலோ, நிறப்பொருளொடு இரும்பும் மக்னீசியமும் கூடி அவ்வான்நிறத்தைத் தருகின்றன. நிறம் ஒன்றுபோற் தோன்றினும் அதனை அடையும் வழி செடிதோறும் வேறு. வெண்ணிறக் கருவிளையும் நீலக் கருவிளையும் கலந்து விதை பெற்று, அடுத்த தலைமுறையில் எந்நிறம் மேலோங்கும் என்பதையும் மாணவர் தாமே கண்டறியலாம்.

மலையிலுள்ள நீலப் பாப்பியோ, மருந்துக்காகத் தோண்டப்பட்டும், வெம்மை ஏறிவரும் இக்காலத்தில் இடம் சுருங்கியும் இடருறுகின்றது. அதனை நேசிப்போர் அதன் மலைச்சரிவைக் காக்கக் குரல் கொடுப்பதே முறை. ஒவ்வாத தொட்டியில் அதன் வித்தை வீணாக்குதல் முறையன்று. ஒவ்வொரு வித்தும் தன் தாய்நாட்டின் பருவத்தைத் தன்னுள் அடக்கியிருக்கின்றது. அதனை மாற்ற முயல்வதினும் அறிந்து ஒழுகுதலே தோட்டக்காரரின் கல்வி. வரும் ஆடியில் நம் மாணவர் ஒவ்வொருவரும் பத்துக் கருவிளை வித்துக்களை ஊன்றுவாராக. கார்த்திகை மழை ஓய்ந்த காலைப்பொழுதில், நீலத்தைத் தேடி இமயம் ஏற வேண்டுவதின்றித் தம் வேலியிலேயே அதனைக் கண்டு மகிழ்வாராக.