உங்களுக்குத் தெரியுமா? தாவும் மரபணுக்கள்

மரபியலின் முன்னோடி மெண்டல் ஆராய்ந்த சுருங்கிய பட்டாணியின் ரகசியம் 1990-இல்தான் வெளிப்பட்டது. மாவுச்சத்தை உருவாக்கும் நொதி ஒன்றின் மரபணுவுக்குள் சுமார் 800 எழுத்து நீளமுள்ள டிஎன்ஏ துண்டு நுழைந்து உட்கார்ந்திருந்தது. மாவு குறைந்து சர்க்கரை கூடியதால், காயும்போது விதை சுருங்கிவிடுகிறது.

இப்படி இடம்விட்டு இடம் தாவும் துண்டுகளை மக்காச்சோளத்தில் முதலில் கண்டவர் அமெரிக்காவின் பார்பரா மெக்கிளின்டாக். 1940-களில் சொன்னார், நோபல் கிடைத்தது 1983-இல், 81 வயதில்.

ஒரு மரபணுவின் வேலையை அறிய, அதைக் கெடுத்துப் பார்ப்பது ஒரு வழி. எக்ஸ் கதிரைப் பாய்ச்சினாலும் மரபணு கெடும். ஆனால் எது கெட்டது என்று தேடிப் பிடிப்பது பெரும்பாடு. தாவும் துண்டோ, தான் புகுந்த இடத்திலேயே தங்கி ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். அதன் எழுத்து வரிசை நமக்கு முன்பே தெரியும். அதைத் தேடிப் போனால் பக்கத்திலேயே சிதைந்த மரபணு அகப்படும். மக்காச்சோள மணிக்கு ஊதா நிறம் தருவதில் பங்குள்ள ஒரு மரபணுவை 1984-இல் இப்படித்தான் பிரித்தெடுத்தார்கள். தாவரவியலில் இவ்வளவு நேர்த்தியான உத்திகள் வெகு சிலவே.

மெக்கிளின்டாக் கண்ட ‘டிஎஸ்’ துண்டு தானாகத் தாவாது. ‘ஏசி’ என்னும் இன்னொரு துண்டு தரும் நொதி வேண்டும். தாவினாலும் பெரும்பாலும் அதே குரோமோசோமில், அருகிலேயே இறங்கும். அந்தக் குணம் வசதியாகிவிட்டது: குறிவைத்த மரபணுவுக்குப் பக்கத்தில் ‘டிஎஸ்’ உள்ள செடியைத் தேர்ந்து, ‘ஏசி’ உள்ள செடியோடு கலந்தால், சந்ததியில் சிலவற்றிலாவது அது இலக்குக்குள் விழும்.

நெல்லில் ‘டாஸ்17’ என்ற துண்டு உறங்கிக் கிடக்கிறது. திசு வளர்ப்பில் விழித்துப் பெருகும். முழுச் செடியானதும் மீண்டும் அடங்கும். வெளி மரபணு எதையும் செலுத்தாமலே ஜப்பானியர் இதைக் கொண்டு மரபணு சிதைந்த சுமார் 50,000 நெல் வம்சாவளிகளை உருவாக்கினார்கள்.

எங்கே தாவ வேண்டும் என்பதையும் இப்போது நாமே சொல்லலாம். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் உள்ள டான்ஃபோர்த் தாவர அறிவியல் மையத்தினர், நெல்லின் ‘பாங்’ என்னும் தாவும் துண்டு தரும் நொதியை, மரபணுத் திருத்த உத்தியான கிரிஸ்பரின் ‘காஸ்9’ என்னும் டிஎன்ஏ கத்தரியோடு இணைத்தார்கள். கத்தரி குறித்த இடத்தை வெட்ட, நொதி புதிய டிஎன்ஏவை அங்கே கொண்டுபோய்ச் செருகுகிறது. அராபிடாப்சிஸ் செடியிலும் சோயாவிலும் இது பலித்ததை 2024-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள்.