வாரிசுரிமையாக வந்த பழைய பந்தய மிதிவண்டியின் மறுவிற்பனை மதிப்பு

பந்தய மிதிவண்டி என்பது கீழ்நோக்கி வளைந்த கைப்பிடி, மெல்லிய டயர், இலகுவான சட்டகம் ஆகியவற்றைக் கொண்டு, தார்ச்சாலையில் வேகமாகச் செல்வதற்காகச் செய்யப்படும் மிதிவண்டி ஆகும். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் 1950கள் முதல் 1980கள் வரை வாங்கப்பட்ட எஃகுச் சட்டகப் பந்தய வண்டிகள் இப்போது உரிமையாளர்களின் பிள்ளைகளிடமும் பேரப்பிள்ளைகளிடமும் வந்து சேர்கின்றன. பெற்றுக்கொள்பவருக்குப் பெரும்பாலும் மிதிவண்டியைப் பற்றி எதுவும் தெரிந்திருப்பதில்லை. கொட்டகையில் தூசி படிந்து நிற்கும் இரண்டு வண்டிகள் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும், ஒன்றின் விலை மற்றதைப்போல இருபது மடங்காக இருக்கலாம். அந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது, அதை வீட்டிலிருந்தே எவ்வாறு கண்டறியலாம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

ராலே என்ற பெயர் தமிழர்களுக்குப் பழக்கமானது. ஆனால் நம் ஊர்களில் ஓடிய நிமிர்ந்த கைப்பிடியும் செயின் மூடியும் உள்ள கறுப்பு வண்டி வேறு, அதே நிறுவனம் இங்கிலாந்தில் செய்த பந்தய வண்டி வேறு. இங்கு பேசப்படுவது இரண்டாவது வகை.

மதிப்பின் வகைகள்

ஒரே வண்டிக்கு மூன்று வெவ்வேறு தொகைகள் சொல்லப்படலாம். மூன்றும் சரியாக இருக்கலாம்.

முதலாவது, சந்தை மதிப்பு. விற்கும் கட்டாயம் இல்லாத ஒருவரும் வாங்கும் கட்டாயம் இல்லாத ஒருவரும், வண்டியின் நிலையை அறிந்து ஒப்புக்கொள்ளும் விலை இது. பிரித்தானியாவில் 1984ஆம் ஆண்டின் மரபுரிமை வரிச் சட்டம், இறந்தவரின் உடைமைகளை அவர் இறந்த நாளில் திறந்த சந்தையில் கிடைக்கக்கூடிய விலைக்கே மதிப்பிடச் சொல்கிறது. இரண்டாவது, காப்பீட்டு மதிப்பு. தொலைந்துபோனால் அதே போன்ற ஒன்றைக் கடையில் வாங்க ஆகும் செலவு இது. சந்தை மதிப்பைவிடப் பொதுவாகக் கூடுதலாக இருக்கும். மூன்றாவது, கைக்கு வரும் தொகை. விற்பனைத் தளத்தின் கட்டணம், பொதி கட்டுதல், அனுப்புதல் ஆகியவை போக மிஞ்சுவது இது.

குடும்பங்களில் எழும் மனக்கசப்புக்கு, ஒருவர் காப்பீட்டு மதிப்பையும் இன்னொருவர் கைக்கு வரும் தொகையையும் மனத்தில் வைத்துப் பேசுவது ஒரு காரணம். எந்தத் தொகையைக் கணக்கிடுகிறோம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும்.

பழையது எல்லாம் அரியது அல்ல

அமெரிக்காவில் 1970களின் தொடக்கத்தில் பெரியவர்களிடையே மிதிவண்டி மோகம் பரவியது. 1973ஆம் ஆண்டில் மட்டும் அங்கு ஏறத்தாழ 1.5 கோடி மிதிவண்டிகள் விற்றன. சிகாகோவில் தயாரான ஷ்வின் வார்சிட்டி, பிரான்சிலிருந்து வந்த பெஜோ யூஓ-8 போன்ற பத்து கியர் வண்டிகள் அக்காலத்தில் பெருந்தொகையாக விற்றவை. ஐம்பது ஆண்டுப் பழமை இருந்தும் இவை இன்றும் எளிதில் கிடைப்பதால் விலை குறைவு. அதே ஷ்வின் செய்த பாராமவுண்ட், அதே பெஜோ செய்த பிஎக்ஸ்-10 ஆகியவை பந்தயக்காரர்களுக்கான உயர்தர வண்டிகள். இவற்றைச் சேகரிப்பவர்கள் தேடி வாங்குகிறார்கள். ஆகவே நிறுவனத்தின் பெயரைவிட, அந்த நிறுவனத்தின் எந்தத் தர வண்டி என்பதே முக்கியம்.

சட்டகத்தை அடையாளம் காணுதல்

மதிப்பின் பெரும்பகுதி சட்டகத்தில் இருக்கிறது. பெயின்ட்டையும் ஒட்டுப்படத்தையும் மாற்றிவிட முடியும் என்பதால், மாற்ற முடியாத அடையாளங்களையே முதலில் பார்க்க வேண்டும்.

குழாய்: பர்மிங்காமின் ரெனால்ட்ஸ் நிறுவனம் 1935இல் அறிமுகப்படுத்திய 531 என்னும் மாங்கனீசு-மாலிப்டினம் எஃகுக் குழாயும், மிலானில் 1919இல் தொடங்கப்பட்ட கொலம்பஸ் நிறுவனத்தின் எஸ்எல் குழாயும் உயர்தரத்தின் அடையாளங்கள். இவற்றின் நல்ல வகைகளில் குழாயின் சுவர் முனைகளில் தடித்தும் நடுவில் மெலிந்தும் இருக்கும். ரெனால்ட்ஸ் ஒட்டுப்படத்தில் உள்ள சிறு எழுத்துகளை முழுமையாகப் படிக்க வேண்டும். மூன்று முதன்மைக் குழாய்கள் மட்டுமே 531 என்று இருந்தால், அது முன்கவை உட்பட அனைத்தும் 531 ஆன சட்டகத்தைவிடக் கீழ்நிலையைச் சேர்ந்தது.

இருக்கைத் தண்டின் விட்டம்: ஒட்டுப்படம் அழிந்திருந்தால் இது உதவும். ஆங்கில, இத்தாலியச் சட்டகங்களில் 27.2 மில்லிமீட்டர் தண்டு பொருந்துமானால், குழாய்ச் சுவர் மெல்லியது, தரம் உயர்ந்தது என்று பொதுவாகக் கொள்ளலாம். தண்டு அதைவிட ஒன்றிரண்டு மில்லிமீட்டர் சிறியதாக இருந்தால் குழாய் தடித்தது. பிரெஞ்சுச் சட்டகங்களின் வெளி அளவே சிறியது என்பதால் இந்த விதி அவற்றுக்குப் பொருந்தாது.

பின் அச்சு அமரும் கவ்விகள்: காய்ச்சி அடித்துச் செய்த தடித்த எஃகாக, கம்பக்னோலோ போன்ற பெயர் பொறிக்கப்பட்டு இருந்தால் நல்லது. தகட்டை வெட்டி அழுத்திச் செய்த மெல்லிய கவ்வி, மலிவான சட்டகத்தைக் காட்டும்.

எண்: கிராங்க் அச்சுக் கூட்டின் அடிப்பக்கத்தில் பெரும்பாலும் எண் பொறித்திருக்கும். ராலே நிறுவனம் 1974 முதல் இல்கெஸ்டன் நகரில் பந்தய அணிக்கும் தனிவாடிக்கையாளர்களுக்கும் சட்டகம் செய்யும் சிறப்புப் பிரிவு ஒன்றை நடத்தியது. அங்கு செய்தவற்றின் எண் எஸ்பி என்ற எழுத்துகளுடன் தொடங்கும். நாட்டிங்காம் ஆலையில் பெருந்தொகையாகச் செய்த ராலேயும் இதுவும் ஒரே நிறத்தில் இருக்கலாம். விலையில் பெரிய இடைவெளி உண்டு. இந்த எண்ணைத் திருட்டுப்போன வண்டிகளின் பதிவேட்டிலும் பார்த்துக்கொள்வது நல்லது.

சில சட்டகங்களின் தனித்தன்மையைப் பழுது என்று எண்ணிவிடக் கூடாது. இலண்டனின் ஹெட்சின்ஸ் சட்டகங்கள் பலவற்றில் பின்சக்கரத்தைத் தாங்கும் குழாய்கள் வேண்டுமென்றே வளைத்துச் செய்யப்பட்டவை. மறுபுறம், கொல்நாகோ போன்ற புகழ்பெற்ற பெயர்களை வேறு சட்டகத்தில் ஒட்டி விற்பதும் உண்டு. ஒட்டுப்படம் சொல்வதை மூட்டுகளில் பொறித்த அடையாளமும், எண்ணும், கவ்வியும் உறுதிசெய்ய வேண்டும்.

உதிரிப்பாகங்கள் சொல்லும் காலம்

இத்தாலியின் விசென்சா நகரில் 1933இல் தொடங்கிய கம்பக்னோலோவின் பாகங்கள் தனியாகவே விலைபோகும். அதன் நுவோவோ ரெக்கார்ட் பின் கியர் மாற்றியில் 1970களில் பேட்டன்ட் என்ற சொல்லுக்குப் பின் இரண்டு இலக்கங்கள் இருக்கும்; 74 என்றிருந்தால் 1974ஐக் குறிக்கும். ஜப்பானின் ஷிமானோ பாகங்களில் இரண்டு ஆங்கில எழுத்துகள் பொறித்திருக்கும். முதல் எழுத்து ஆண்டு, இரண்டாவது மாதம். ஏ என்பது 1976, பி என்பது 1977 என்று வரிசை செல்லும்.

எல்லாப் பாகங்களும் ஓரிரு ஆண்டுகளுக்குள் அடங்கினால் வண்டி பெரும்பாலும் வாங்கியபடியே இருக்கிறது எனலாம். சட்டகம் 1972ஐயும் கியர் மாற்றி 1985ஐயும் காட்டினால் பாகம் மாற்றப்பட்டுள்ளது. ஓட்டியவருக்கு அது நல்ல மாற்றமாக இருந்திருக்கும். ஆனால் சேகரிப்பவர் விலையைக் குறைப்பார். ஆகவே கொட்டகையில் உள்ள பெட்டிகளையும் தேட வேண்டும். கழற்றிய பழைய பாகத்தை அங்கேயே போட்டு வைத்திருப்பது வழக்கம்.

இந்தக் காலக்கணக்குக்கு வேறொரு பயனும் உண்டு. டஸ்கனியின் கயோலே இன் கியாந்தி ஊரில் 1997 முதல் நடக்கும் எரோய்க்கா என்ற பழைய மிதிவண்டிப் பயணம், 1987க்கு முன் செய்யப்பட்ட வண்டிகளைக் கேட்கிறது. கியர் நெம்புகோல் சட்டகத்தின் கீழ்க்குழாயில் இருக்க வேண்டும். பிரேக் கம்பி கைப்பிடிக்கு வெளியே செல்ல வேண்டும். மிதியில் கால்வார் இருக்க வேண்டும். இந்த விதிகளுக்குப் பொருந்தும் வண்டிக்குக் கூடுதலான தேவை இருக்கிறது.

நிலையைச் சோதித்தல்

மங்கிய பெயின்ட், தேய்ந்த கைப்பிடி நாடா, வெடித்த டயர் ஆகியவை பெரிய குறைகள் அல்ல. விலையை வீழ்த்துபவை வேறு.

முன்மோதல்: முன்சக்கரம் எதிலாவது மோதியிருந்தால், கைப்பிடித் தலைக்குச் சற்றுப் பின்னால் மேல், கீழ்க் குழாய்களின் அடிப்பக்கத்தில் சிறு புடைப்போ சுருக்கமோ தெரியும். விரலால் தடவினால் தட்டுப்படும். முன்கவை பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறதா என்று பக்கவாட்டிலும் பார்க்க வேண்டும்.

இறுகிய தண்டு: எஃகுச் சட்டகத்துக்குள் அலுமினிய இருக்கைத் தண்டு பல ஆண்டுகள் அசையாமல் இருந்தால், ஈரத்தால் இரண்டு உலோகங்களுக்கும் இடையே அரிப்பு ஏற்பட்டுப் பிடித்துக்கொள்ளும். கைப்பிடித் தண்டும் அப்படியே. சுத்தியலால் அடித்து எடுக்க முயன்று சட்டகத்தைக் கெடுத்துவிடக் கூடாது. இறுகியிருக்கிறது என்று சொல்லியே விற்கலாம்.

விரிசல்: செயின் பக்கத்துப் பின் கவ்வியிலும், கிராங்க் கையும் பல்சக்கரம் தாங்கும் கைகளும் சேரும் இடத்திலும் மயிரிழைபோல இருக்கும். விரிசல் கண்ட கிராங்கை விலைக்குக் கணக்கிடக் கூடாது, ஓட்டவும் கூடாது.

துரு: மேற்பரப்பின் புள்ளித் துரு வேறு, குழாயைத் தின்ற துரு வேறு. பெயின்ட் கொப்புளித்திருக்கும் இடங்களையும் கிராங்க் அச்சுக் கூட்டின் உட்புறத்தையும் பார்க்க வேண்டும்.

நாட்டுக்கு ஒரு மறை

பழைய வண்டிகளின் திருகு மறைகள் நாட்டுக்கு நாடு மாறுபடும். கிராங்க் அச்சுக் கூட்டில் ஆங்கில அளவு 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 மறை. அதில் செயின் பக்கத்து மறை இடஞ்சுழி. இத்தாலிய அளவு 36 மில்லிமீட்டர். இரண்டு பக்கமும் வலஞ்சுழி. பழைய பிரெஞ்சு அளவு 35 மில்லிமீட்டர், அதிலும் இரண்டும் வலஞ்சுழி. பிரெஞ்சுக் கைப்பிடித் தண்டு 22.0 மில்லிமீட்டர், ஏனையவற்றில் பெரும்பாலும் 22.2. மாற்றுப் பாகம் கிடைப்பது கடினம் என்பதால், பாகம் குறைந்த பிரெஞ்சு வண்டிக்கு வாங்குபவர் தயங்குவார். முழுமையாக இருக்கும் பிஎக்ஸ்-10க்கு இதே காரணத்தால் மதிப்புக் கூடும்.

சந்தை விலையைக் கணக்கிடுதல்

விளம்பரத்தில் கேட்கப்படும் விலை ஆதாரம் ஆகாது. அது விற்பவரின் விருப்பம் மட்டுமே. இணைய ஏலத் தளங்களில் விற்று முடிந்தவற்றைத் தனியாகத் தேடும் வசதி உண்டு. அதே மாதிரி, அண்மித்த ஆண்டு, அண்மித்த அளவு, அதே நாட்டுச் சந்தை என்ற நான்கும் பொருந்தும் விற்பனைகளை எடுக்க வேண்டும். சட்டகத்தின் அளவும் முக்கியம். நடுத்தர உயரமுள்ளவருக்குப் பொருந்தும் 54 முதல் 58 சென்டிமீட்டர் வரையான சட்டகத்துக்கு வாங்குபவர் அதிகம். மிகச் சிறியதும் மிகப் பெரியதும் விற்க நாளாகும்.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்க்கலாம். ஒத்த வண்டிகள் ஐந்து, ஓடும் நிலையில் 420, 450, 480, 510, 900 பவுண்டுகளுக்கு விற்றிருப்பதாகக் கொள்வோம். 900க்குப் போனது தொழில்முறையில் புதுப்பிக்கப்பட்டது என்பதால் அதை விலக்கலாம். எஞ்சிய நான்கின் நடு மதிப்பு 465. நம் வண்டிக்குப் புதிய டயர், கம்பி, கிரீஸ் வேலைக்கு 70, இறுகிய இருக்கைத் தண்டுக்கு 60, மாற்றப்பட்ட கியர் மாற்றிக்கு 50 என 180ஐக் கழித்தால் 285 வரும். இதுவே சந்தை மதிப்பு. தளக் கட்டணத்துக்கும் அனுப்புவதற்கும் 45 ஆகுமானால் கைக்கு வருவது 240. சொத்துக் கணக்கில் எழுத வேண்டியது 285, 240 அல்ல. ஒரே எண்ணாகச் சொல்வதைவிட 250 முதல் 310 வரை என்று எல்லை கூறுவது நேர்மையானது. கடைக்காரர் இதைவிடக் குறைத்தே கேட்பார். பழுது பார்ப்பதும் விற்கும்வரை வைத்திருப்பதும் அவர் பொறுப்பு.

முழுதாகவா, பிரித்தா

சட்டகம் சாதாரணமானதாகவோ அடிபட்டோ இருந்து, பாகங்கள் உயர்தரமாக இருந்தால் பிரித்து விற்பது கூடுதல் தொகை தரலாம். சட்டகமும் பாகங்களும் ஒரே காலத்தவையாக இருந்தால் முழுதாக விற்பதே முறை. ஒருமுறை பிரித்த தொகுதியை மீண்டும் சேர்ப்பது அரிது. பிரிப்பதற்கான கருவிகள், ஒவ்வொன்றையும் படமெடுத்து அனுப்பும் உழைப்பு, யாரும் வாங்காமல் மிஞ்சும் பாகங்கள் ஆகியவற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

விற்பதற்கு முன்

பெயின்ட் அடிக்கக் கூடாது. பழைய பெயின்ட்டும் ஒட்டுப்படமும் ஒருமுறை போனால் திரும்பாது. புதுப் பெயின்ட்டுக்கான செலவு விலையில் திரும்பி வருவதும் குறைவு. ஈரத்துணியால் மெதுவாகத் துடைப்பது போதும். கம்பி நார், கடும் கரைப்பான்கள் வேண்டாம். வாங்கிய ரசீது, கழக உறுப்பினர் அட்டை, பந்தய எண் துணி, ஓட்டியவர் வண்டியுடன் நிற்கும் படம் ஆகியவை வண்டியின் வரலாற்றுக்குச் சான்று. புகழ்பெற்ற வீரர் ஓட்டியது என்ற பேச்சுக்கு எழுத்துச் சான்று இல்லையென்றால் சந்தை விலை தராது.

பங்கீடு

சொத்துப் பங்கீடு முடியும் முன், அதற்கான அதிகாரம் பெற்ற உயில் நிறைவேற்றுநரே வண்டியை விற்கலாம். வாரிசுகளில் ஒருவர் வண்டியைத் தாமே வைத்துக்கொள்ள விரும்பினால், மற்றவர்களும் ஏற்றுக்கொண்ட சந்தை மதிப்பை அவர் பங்கில் கழிப்பது வழக்கம். படங்கள், எண், ஒப்பிட்ட விற்பனைகள், கழித்த தொகைகள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி எல்லாருக்கும் கொடுத்துவிட்டால் பின்னால் கேள்வி எழாது. தந்தை ஓட்டிய வண்டி என்ற பற்றுக்குச் சந்தையில் விலை இல்லை. அந்தப் பற்றுக்காக வண்டியை விற்காமல் வைத்துக்கொள்வதும் ஒரு முடிவே. அதன் விலை என்ன என்று தெரிந்துகொண்டு அந்த முடிவை எடுக்க மதிப்பீடு உதவும்.