பழைய கைத்துப்பாக்கிக்கு நியாய விலை எது?

வசூல் பணத்துடன் இரவுப் பயணம் செய்த காலத்தில் மொத்த வியாபாரிகள் சிலர் லைசென்ஸ் எடுத்துக் கைத்துப்பாக்கி வைத்திருந்தார்கள். இன்று அவை கைமாறுகின்றன. மிளகாயைக் கையில் அள்ளியதுமே தரம் சொல்லிவிடும் நாம், இந்தச் சரக்கில் மட்டும் விலை தெரியாமல் நிற்கிறோம்.

நமக்குத் தெரிந்த மண்டிக்காரர் ஒருவர் காலமானார். அவருடைய வெப்ளி ரிவால்வர் சட்டப்படி லைசென்ஸ் பெற்ற டீலரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் மனைவியிடம் ஒருவர் வந்து, "பழைய இரும்புதானே அம்மா" என்று 15,000 ரூபாய்க்குக் கேட்டார். அதே மாதத்தில் இன்னொரு நண்பர், பளபளவென்று நிக்கல் பூசிய ரிவால்வர் ஒன்றுக்கு 4 லட்சம் பேசி முடிக்க இருந்தார். இரண்டு விலையுமே தவறு.

பழைய வெளிநாட்டுத் துப்பாக்கிக்கு ஏன் இத்தனை விலை? 1980களின் நடுப்பகுதிக்குப் பின் சாதாரண லைசென்ஸ்தாரருக்கு இறக்குமதி நின்றுவிட்டது. வரத்து நின்ற சரக்கு விலை ஏறத்தானே செய்யும்? அது தட்டுப்பாட்டின் விலை; தரத்தின் விலை அல்ல. எனவே கணக்கைப் புதுச் சரக்கிலிருந்து தொடங்க வேண்டும். கான்பூர் அரசுத் தொழிற்சாலையின் 'நிர்பீக்' ரிவால்வர் 2014-ல் வந்தபோது விலை சுமார் 1 லட்சத்து 22 ஆயிரம். அதே ரகம் புதிதாக இன்று என்ன விலை என்று டீலரிடம் எழுத்தில் கேளுங்கள். அதிலிருந்து தேய்மானத்தையும் பழுதுச் செலவையும் கழியுங்கள். பெயருக்காக மேலே கொடுப்பது சேகரிப்பவர் பாடு. பாதுகாப்புக்கு வாங்குபவருக்கு அது வீண் செலவு.

சரக்கை டீலர் கடையில், தோட்டா இல்லை என்று உறுதி செய்த பிறகே பார்க்க வேண்டும். குழலின் உள்ளே துரு தின்ற குழிகள் உண்டா? உள்வரிகள் கூர்மையாக இருக்கின்றனவா? சுத்தியலைப் பின்னிழுத்த நிலையில் தோட்டா உருளை ஆடுகிறதா? திருகுகளின் தலை சிதைந்திருந்தால் தெரியாத கை திறந்திருக்கிறது என்று பொருள். '32 போர்' என்ற பேச்சை மட்டும் நம்பக் கூடாது. ரிவால்வரின் 32 தோட்டா வேறு, பிஸ்டலின் 32 தோட்டா வேறு.

மாற்றம் செய்த துப்பாக்கிக்குக் கூடுதல் விலை கேட்பார்கள். நம் கணக்கில் மாற்றம் என்பது கழிவு. புதுப் பூச்சு குழிகளை மறைக்கும். முத்திரை எண்ணையும் மங்க வைக்கும். 1959-ஆம் வருட ஆயுதச் சட்டப்படி, உரிய லைசென்ஸ் இல்லாமல் குழலைக் குட்டையாக்குவது குற்றம். எண்ணை அழித்திருந்தால், வைத்திருப்பவரே அழித்தார் என்று சட்டம் கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது அவர் பொறுப்பு. நண்பர் பேசிய ரிவால்வரின் எண்ணை லைசென்ஸ் புத்தகத்தோடு ஒப்பிட்டோம். கடைசி இரண்டு இலக்கங்கள் படிக்கவே முடியவில்லை. 4 லட்சம் அல்ல, 4 ரூபாய்க்கும் அது வேண்டாம் என்றோம்.

காகிதம் சரியில்லாத துப்பாக்கிக்கு விலையே கிடையாது. வாங்குபவரின் லைசென்ஸில் அந்த ரகத்துக்கு அனுமதி இருக்க வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. தனிநபர் ஒருவர் இன்னொருவருக்கு விற்பதானால், வாங்குபவரின் பெயர், முகவரியுடன் மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ காவல் நிலையத்துக்கோ எழுதிக் கொடுத்து, 45 நாட்கள் கழிந்த பிறகே கைமாற்ற வேண்டும். அதற்கு முன் முழுப் பணமும் கேட்பவரிடம் பேச்சை நிறுத்திவிடலாம்.

மண்டிக்காரர் மனைவியை இரண்டு டீலர்களிடம் எழுத்தில் மதிப்புக் கேட்கச் சொன்னோம். எண் தெளிவு, குழல் சுத்தம், காகிதம் சரி. முதலில் கேட்ட விலையைப் போலப் பல மடங்கு அவருக்குக் கிடைத்தது. வாங்குபவர் ஏமாறாததும், விற்கும் விதவை ஏமாறாததும் சேர்ந்ததுதான் நியாய விலை.