நினைவாற்றலும் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களும்

நம் நாட்டில் அறுபதும் அதற்கு மேலும் வயதுடையோரில் 7.4 சதவீதத்தினர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், நினைவாற்றலைக் குலைக்கும் டிமென்ஷியா நோய்க்கு ஆளாகியிருப்பதாக 2023-ஆம் ஆண்டில் வெளியான மதிப்பீடு ஒன்று தெரிவிக்கிறது. முதியோர் தொகை பெருகிவரும் நிலையில், நினைவு எவ்வாறு உருவாகிறது, எவ்வாறு சிதைகிறது என்ற கேள்வி மருத்துவர்களுக்கு மட்டுமன்றித் திட்டமிடுவோருக்கும் உரியதாகிவிட்டது. இதற்கு விடை காணும் முயற்சியில் மைக்ரோ ஆர்.என்.ஏ. என்னும் நுண்ணிய மூலக்கூறுகள் முக்கிய இடம் பெற்றுள்ளன.

ஆணையும் நிறுத்திவைப்பும்

உயிரணுவின் உட்கருவிலுள்ள மரபணுவின் செய்தி, தூது ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்பட்டு, அதன்படி புரதம் தயாராகிறது. ஆனால் படி கிடைத்தவுடனேயே புரதம் உருவாகிவிடுவதில்லை. செலவுக்கு அனுமதி ஆணை பிறந்தாலும், கருவூலத்தில் பட்டியல் நிறைவேறும்வரை பணம் கைக்கு வருவதில்லை அல்லவா? அத்தகைய நிறுத்திவைக்கும் அதிகாரம் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களுக்கு உண்டு. ஏறத்தாழ 22 நியூக்ளியோடைடுகளே நீளமுள்ள இவை, ஆர்கோநாட் என்னும் புரதத்துடன் சேர்ந்து, தமக்குப் பொருந்தும் தூது ஆர்.என்.ஏ.வைப் பற்றிக்கொண்டு புரத உற்பத்தியைத் தடுக்கின்றன. அல்லது அந்தப் படியையே சிதைத்துவிடுகின்றன. ஒரே மைக்ரோ ஆர்.என்.ஏ. பல மரபணுக்களைக் கட்டுப்படுத்த வல்லது.

நரம்பிணைப்பில் நடப்பது

ஒரு நரம்பணுவுக்கு ஆயிரக்கணக்கான இணைப்புகள் உள்ளன. நாம் ஒன்றைக் கற்கும்போது அதில் ஈடுபட்ட இணைப்புகள் மட்டும் வலுப்பெற வேண்டும். நீடித்த நினைவுக்குப் புதிய புரதங்கள் தேவை. எனவே சில தூது ஆர்.என்.ஏ.க்கள் இணைப்புகளுக்கு அருகிலேயே கொண்டுவந்து நிறுத்திவைக்கப்படுகின்றன.

எலியின் நரம்பணுக்களில் மிர்-134 இவ்வாறு செயற்படுவதை 2006-இல் விஞ்ஞானிகள் கண்டறிந்தனர். இணைப்பைத் தாங்கும் சிறு முட்களைப் பெரிதாக்கும் லிம்க்-1 புரதத்தின் உற்பத்தியை அது தடுத்து நிற்கிறது. பி.டி.என்.எப். என்னும் வளர்ச்சிப் பொருள் அவ்விடத்தை எட்டியதும் தடை தளர்கிறது, உற்பத்தி தொடங்குகிறது. கடல்வாழ் நத்தையினமான அப்ளீசியாவிலும், நீடித்த நினைவுக்கு இன்றியமையாத கிரெப் புரதத்தை மிர்-124 கட்டுப்படுத்துவது 2009-இல் தெரியவந்தது. ஆக, நினைவு உருவாவதற்கு உற்பத்தி மட்டும் போதாது. தடை உரிய இடத்தில், உரிய வேளையில் விலகவும் வேண்டும்.

அளவே முக்கியம்

தடை மிகுந்தால் என்ன ஆகும்? சர்ட்-1 புரதம் செயலிழந்த சுண்டெலிகளில் மிர்-134 பெருகி, கிரெப், பி.டி.என்.எப். ஆகியவை குறைந்து, கற்கும் திறன் குன்றியது. மிர்-134-ஐக் குறைத்தபோது அத்திறன் மீண்டது. 2010-இல் வெளியான முடிவு இது. மறுபுறம், நரம்பணுக் கிளைகளின் வளர்ச்சிக்குத் துணைபுரியும் மிர்-132, அல்சைமர் நோயாளிகளின் மூளையில் குறைந்து காணப்படுகிறது. அதற்காக அதனை அளவின்றிப் பெருக்குவதும் தீர்வாகாது. அளவு மீறினால் சுண்டெலிகளின் நினைவாற்றல் பாதிக்கப்படுவது சோதனைகளில் தெரிந்துள்ளது.

ஒரே மூலக்கூறு பல மரபணுக்களைத் தொடுவதாலும், மருந்தை மூளைக்குள் செலுத்துவது கடினமாதலாலும், இவ்வழியில் டிமென்ஷியாவுக்கு அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை இன்னும் கிடைக்கவில்லை. நினைவாற்றலை உடனே மீட்பதாகக் கூறும் விளம்பரங்களை நம்பி முதியோர் குடும்பங்கள் பொருளிழக்கலாகாது.

புழு கற்பித்த பாடம்

முதல் மைக்ரோ ஆர்.என்.ஏ. 1993-இல் ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள புழுவில் கண்டறியப்பட்டது. அது புழுவுக்கே உரிய விந்தை என்றே பலர் கருதினர். 2000-இல் கண்ட மற்றொன்று மனிதர் உட்படப் பல உயிரினங்களிலும் இருப்பது தெரிந்த பின்னரே அதன் பெருமை விளங்கியது. முன்னோடிகளான விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ரவ்கன் இருவருக்கும் 2024-இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஹரியாணாவின் மானேசரிலுள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையத்திலும் இத்துறையில் ஆய்வுகள் நடைபெற்றுள்ளன. இத்தகைய அடிப்படை ஆராய்ச்சிக்கு ஒதுக்கும் நிதியை அந்தந்த ஆண்டின் வரவைக் கொண்டு அளவிடுவது முறையன்று. புழுவில் தொடங்கிய தேடல் மனித மூளையை எட்டப் பல ஆண்டுகள் ஆயின. அதன் பயன் முதியோரைச் சென்றடைய இன்னும் காலம் பிடிக்கலாம்; அதுவரை ஆதரவு தொடர வேண்டும்.